ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் விளக்கு

வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வீடுகளில் வெளிச்சம் எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். ஹாலில் கூரைக்கு ஒரு முழம் கீழே ஒரு டியூப்லைட். படுக்கையறையில் இன்னொன்று. சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒன்று. குளியலறைக் கதவுக்கு மேலே ஓர் ஆங்கிள் ஹோல்டர். எல்லாமே 6500 கெல்வின், அதாவது நீலம் தட்டும் வெள்ளை. சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிடுவார்.

இந்த வீட்டில் குறைச்சல் வெளிச்சத்தின் அளவில் இல்லை. 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று சுமார் 2000 லூமென் தருகிறது; லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு அது மோசமில்லை. ஆனால் அது ஒரே சுவரிலிருந்து, தலைக்கு மேலிருந்து, மூடியில்லாமல் கண்ணில் வந்து விழுகிறது. உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பாதி இருட்டு, எதிர் மூலை முழு இருட்டு. வெளிச்சம் பற்றவில்லை என்று நினைத்து எதிர்ச் சுவரில் இன்னொரு டியூப்லைட் போட்டால் ஹால் ரயில்வே காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிடும். செய்ய வேண்டியது வேறு: வெளிச்சத்தைக் கீழே இறக்கி, இரண்டு மூன்று இடமாகப் பிரித்து வைப்பது. அதற்குக் கூரையைத் தொட வேண்டாம், ஆணியும் வேண்டாம். பிளக்கில் செருகும் விளக்குகள் போதும். வாங்குகிற ஒவ்வொன்றும் பதினொரு மாதம் கழித்து டெம்போவில் ஏறி, எப்படியிருக்கும் என்று தெரியாத இன்னொரு வீட்டில் போய் இறங்க வேண்டும். இந்த நினைப்போடு கடைக்குப் போனால் பாதிப் பொருள்கள் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் பல்பு, பிறகு விளக்கு

விளக்கின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டில் கிடந்த பல்பை மாட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. பிரம்புக் கூடைக்குள் 6500 கெல்வின் பல்பைப் போட்டால் இரண்டாயிரம் ரூபாய் விளக்கும் டீக்கடை விளக்காகத்தான் தெரியும்.

வாட் கணக்கு குண்டு பல்பு காலத்தோடு போயிற்று. 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 700 லூமென். இன்றைய 9 வாட் எல்.இ.டி. 800 முதல் 900 வரை தருகிறது. ஆகவே பெட்டியில் லூமெனைப் பாருங்கள். துணியோ பிரம்போ மூடிய விளக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மூடியே விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நிறத்தில் மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். 6500 என்பது கூல் டேலைட். 4000 என்பது நேச்சுரல் ஒயிட். 2700 முதல் 3000 வரை வார்ம் ஒயிட். தெருமுனைக் கடையில் பெரும்பாலும் 6500 மட்டும்தான் இருக்கும். வார்ம் ஒயிட் கேட்டால் மஞ்சள் நைட் பல்பை எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு, எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 என்று வைத்துக்கொள்வது வாடகை வீட்டுக்குப் பாதுகாப்பான தேர்வு. ஏன் 2700 இல்லை? நம் வாடகை வீட்டுச் சுவர்கள் வெளிர் பச்சை, வெளிர் ரோஸ், கிரீம் என்று வீட்டுக்காரர் விருப்பப்படி இருக்கும். கிரீம் சுவரில் 2700 பட்டால் பழுத்த மஞ்சளாகிவிடுகிறது, பச்சைச் சுவரில் 6500 பட்டால் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் 3000 தாங்கும். ஒரே பார்வையில் தெரியும் விளக்குகள் எல்லாம் ஒரே எண்ணில் இருக்கட்டும். ஒரு மூலை வெள்ளை, ஒரு மூலை மஞ்சள் என்றால் எவ்வளவு செலவழித்திருந்தாலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும்.

சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெள்ளை, நடுத்தரம், மஞ்சள் என்று மாறும் மூன்று நிற பல்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அடுத்த வீட்டுச் சுவரின் நிறம் தெரியாதவர்களுக்கு இது நல்ல பொருள். ஒரே சங்கடம், கரண்ட் போய்ப் போய் வரும் இரவில் நிறமும் மாறிக்கொண்டிருக்கும்.

பொருள்களின் நிறத்தை பல்பு எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் பெட்டியில் இருக்கும். 80 என்பது சராசரி, 90க்கு மேல் நல்லது. 80க்குக் கீழே போனால் அரக்குப் பட்டு மண் நிறமாகத் தெரியும், தக்காளி வெளிறும், எல்லோர் முகமும் காய்ச்சலில் எழுந்தது போல இருக்கும். கண்ணாடி முன்னாலும் சாப்பிடும் இடத்திலும் மட்டுமாவது 90 போடுங்கள்.

துடிப்பையும் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்று, உள்ள பல்பு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் கீழே ஒரு மணி நேரம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும். கடையிலேயே பல்பைப் போடச் சொல்லி, போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ படம் துடித்தாலோ அந்த பல்பு வேண்டாம். பெட்டியில் ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இல்லாத பல்பை விலையைக் கேட்காமலே வைத்துவிடலாம்.

ஹோல்டர் விஷயத்தில் ஏமாறுவது எளிது. நம் வீட்டில் இருப்பது பின் டைப், அதாவது பி22. அலங்கார விளக்குகளில் பெரும்பாலும் திருகு டைப் வரும். பெரியது இ27, மெழுகுவத்தி வடிவ பல்புக்கான சின்னது இ14. பி22ஐ இ27 ஆக மாற்றும் அடாப்டர் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் அது பல்பை ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே தள்ளிவிடும், மூடிக்கு வெளியே பல்பு எட்டிப் பார்க்கும். இ14 விளக்குகளைத் தவிர்ப்பது நல்லது. அதற்கு 3000 கெல்வினில் நல்ல பல்பு தேடிக் கடை கடையாக ஏற வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் விளக்கு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க விளக்கு 120 வோல்ட்டுக்கானது. வெறும் ஹோல்டரும் வயரும் மட்டும் என்றால், பல்பை மாற்றி, நம் பிளக்கைப் போட்டால் ஓடும், அவர்களுடைய ஹோல்டரில் நம் இ27 பல்பு ஏறிவிடும். விளக்கிலேயே எல்.இ.டி.யோ டிம்மரோ சேர்ந்து வந்திருந்தால், நம் பிளக்கில் செருகிய நொடியில் புகைதான்.

ஹாலும் மின்விசிறியும்

பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு மூன்று விளக்கு போதும். மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. சோஃபாவுக்குப் பக்கத்தில் ஐந்தடி உயர ஸ்டாண்டு விளக்கு, 9 வாட். எதிர் மூலையில் ஸ்டூலிலோ மேசையிலோ ஒரு மேசை விளக்கு, 7 வாட். மூன்றாவது கீழே, அல்லது அலமாரிக்குள், 5 வாட். டியூப்லைட்டைக் கழற்ற வேண்டாம். வீடு பெருக்கவும், தொலைந்த கம்மலைத் தேடவும் அதுதான் வேண்டும். முடிந்தால் அதே திருகுத் துளைகளில் 4000 கெல்வின் டியூப்லைட் ஒன்றை மாட்டி, வீட்டுக்காரருடையதைப் பரணில் வைத்துவிடுங்கள்.

மேசை விளக்கின் உயரத்துக்கு ஓர் அளவு உண்டு. சோஃபாவில் உட்கார்ந்தால் மூடியின் கீழ் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், தரையிலிருந்து ஏறக்குறைய 40 அங்குலம். அதற்கு மேலே போனால் பல்பு கண்ணில் அடிக்கும். கீழே போனால் மடியில் மட்டும் வெளிச்சம். தரையில் பாய் விரித்து உட்காரும் வீடு என்றால் இந்தக் கணக்கையே ஓர் அடி இறக்குங்கள். 28 அங்குலம் சரியாக வரும். மேலைநாட்டு அளவைப் பார்த்து வாங்கிய விளக்கு நம் தரைப் பழக்கத்துக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

டி.வி.க்கு எதிரே விளக்கு வைத்தால் திரையில் அதன் உருவம் தெரியும். டி.வி.க்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வையுங்கள், கண்ணுக்கும் இதம். பளபளக்கும் டைல்ஸ் தரையில் இன்னொரு தொல்லை: மூடியின் அடிப்பக்கம் திறந்திருந்தால் பல்பின் பிம்பம் தரையில் இன்னொரு பல்பாக எரியும். மில்க்கி பல்பு போட்டால் குறையும், தெளிவான கண்ணாடி பல்பு போட்டால் மோசமாகும். உள்ளே கம்பி தெரியும் ஃபிலமென்ட் பல்புகள் புகைப்படத்தில் மட்டும்தான் அழகு. நேராகக் கண் படும் இடத்தில் அதை வைத்தால் அரை மணி நேரத்தில் அணைத்துவிடத் தோன்றும்.

வெளிநாட்டு அலங்காரக் குறிப்புகள் எதிலும் பெரும்பாலும் இருக்காத ஒன்று நம் வீட்டில் இருக்கிறது: மின்விசிறி. கூரையை நோக்கி வெளிச்சம் வீசும் ஸ்டாண்டு விளக்கு மிக நல்ல யோசனை. கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலே இல்லாமல் மெத்தென்று இருக்கும். ஆனால் விளக்குக்கும் கூரைக்கும் நடுவில் மின்விசிறி இறக்கை வந்தால் அறை முழுவதும் படபடவென்று துடிக்கும். வழக்கமான 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். விளக்கை அந்த நடுப்புள்ளியிலிருந்து நாலடிக்கு மேல் தள்ளி மூலையில் வைத்தால் துடிப்பு பெரும்பாலும் போய்விடும். வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, விசிறியை ஓடவிட்டு, டார்ச்சை அந்த இடத்தில் தோளுயரத்தில் கூரையைப் பார்க்கப் பிடியுங்கள். பதில் உடனே கிடைக்கும்.

கூரையைத் துளைக்காமல் மேசைக்கு மேலே வெளிச்சம் வேண்டும் என்ற தேவை நம்முடையது மட்டுமல்ல. இத்தாலியில் அகில்லே, பியர் ஜாக்கொமோ காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962ல் ஆர்க்கோ விளக்கை வடிவமைத்தது அதற்காகத்தான். தெருவிளக்குக் கம்பம் போல வளைந்து வரும் எஃகுத் தண்டு, அடியில் சுமார் 65 கிலோ சலவைக்கல். அந்தக் கல்லில் ஒரு துளை இருக்கும். விளக்குமாற்றுக் கம்பைச் செருகி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். இன்று சந்தையில் கிடைக்கும் வளைந்த ஸ்டாண்டு விளக்குகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். வடிவம் வந்துவிட்டது, கனம் வரவில்லை. வளைவின் நுனியை ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்திப் பாருங்கள். அடித்தட்டு தூக்கினால் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கிரானைட் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அடித்தட்டின் மேல், வளைவுக்கு எதிர்ப்பக்கம் வைக்கலாம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 65 கிலோவைவிட இதுவே மேல்.

ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே

தொங்கும் விளக்கு ஆசை உள்ளவர்கள் கூரையை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் ஊஞ்சல் கொக்கி இருக்கும். சற்றுப் புதிய வீடுகளில் தூளி கட்ட ஒரு கொக்கி, அல்லது இரண்டாவது விசிறிக்கென்று விட்ட வெறும் கொக்கி இருக்கும். ஊஞ்சலில் இரண்டு பேரைத் தாங்கும் கொக்கிக்கு ஒரு கிலோ விளக்கு பொருட்டே இல்லை. விசிறி மாட்டியிருக்கும் கொக்கியில் மட்டும் எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

கடையில் வரும் தொங்கு விளக்குகளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் வயர்தான் இருக்கும், கூரையில் நேராக இணைப்பதற்கானது. நமக்கு சுவிட்ச் போர்டு வரை வர வேண்டும். கணக்கு இப்படி: போர்டு தரையிலிருந்து நாலடியில், கூரை பத்தடியில். போர்டிலிருந்து மேலே ஆறடி, கொக்கி வரை குறுக்கே ஏழடி, கொக்கியிலிருந்து கீழே நாலடி, தளர்வுக்கு இரண்டடி. மொத்தம் 19 அடி, ஆறு மீட்டர் வாங்கிவிடுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர், இரண்டு கோர் (உள்ளே இரண்டு தனிக் கம்பிகள்), மேலுறை உள்ள உருண்டை வயர். பழைய முறுக்கு வயர் வேண்டாம், மேலே ஒரே ஒரு தோல்தான் அதற்கு.

ஹோல்டரின் மூடி வழியாக வயரை முதலில் நுழையுங்கள், பிறகுதான் முடிச்சு. எல்லோரும் ஒரு தடவையாவது மூடியை மறந்துவிட்டுத் திருகை எல்லாம் முடுக்கிய பிறகு கழற்றுவார்கள். முடிச்சு ஹோல்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். விளக்கின் எடை முடிச்சில் விழ வேண்டும், செம்புக் கம்பியில் விழக் கூடாது. கம்பியின் தோலை அரை அங்குலத்துக்கு மேல் உரிக்காதீர்கள், நுனியை முறுக்கித் திருகுக்குள் விடுங்கள், வெளியே ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். திருகு டைப் ஹோல்டர் என்றால் ஃபேஸ் வயர் நடுவிலுள்ள நாக்குக்கும், நியூட்ரல் திருகு வளையத்துக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும், ஆனால் பல்பு மாற்றும்போது விரல் படும் வளையத்தில் ஃபேஸ் நிற்கும். பின் டைப்பில் இந்தப் பிரச்சினை இல்லை. பிளக் டாப்பில் 'எல்' ஃபேஸுக்கு, 'என்' நியூட்ரலுக்கு. இதைச் செய்து பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம், கால் மணி நேர வேலை.

ஒரு கிலோவுக்கு மேல் உள்ள விளக்கை வயரில் தொங்கவிடாமல், கொக்கியிலிருந்து மெல்லிய சங்கிலி விட்டு அதில் மாட்டி, வயரைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் மேசைப் பலகையிலிருந்து மூடியின் அடிவிளிம்பு வரை 28 முதல் 34 அங்குலம். விசிறி இறக்கையின் நுனியிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்க வேண்டும். காற்றில் ஆடும் விளக்கின் கீழே சாப்பிடுவது கப்பலில் சாப்பிடுவது போல.

நம் போர்டுகளில் பிளக் பாயின்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருப்பது ஒரு வரம். வயரில் தனி சுவிட்ச் தேடி விளக்குக்குக் கீழே குனிய வேண்டாம். வாசலில் நின்று போடலாம், அணைக்கலாம்.

வயரைச் சுவரில் ஒட்டவைக்கும் முன் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் அது சுண்ணாம்பு அல்லது மலிவு டிஸ்டெம்பர், அதில் எந்த ஒட்டுக் கொக்கியும் நிற்காது. நிற்பது போல நடித்து நள்ளிரவில் விழும், விழும்போது பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். எமல்ஷன் அடித்த சுவர் என்றால் இரண்டு அங்குல செல்லோடேப்பை ஒரு மறைவான இடத்தில் ஒட்டி இழுத்துச் சோதியுங்கள். பெயின்ட் வரவில்லை என்றால் ஒன்றரை அடிக்கு ஒரு ஒட்டு கிளிப் போதும். சுவர் ஒத்துக்கொள்ளாத வீட்டில் கதவு நிலை, ஜன்னல் கிரில், திரைச்சீலைக் கம்பி மூன்றும் இருக்கின்றன. கிரில்லில் கவ்வும் கிளிப் விளக்கு, வாடகை வீட்டுக்கென்றே பிறந்தது.

அலமாரி என்னும் விளக்கு மாடம்

பழைய வீட்டுச் சுவரில் அகல் வைக்க மாடம் விட்டிருப்பார்கள். இன்றைய வாடகை வீட்டில் கதவில்லாத சிமென்ட் அலமாரியை விட்டிருக்கிறார்கள், கடப்பைக் கல் தட்டுகளோடு. மருந்து டப்பாவும் பழைய டைரியும் கிடக்கும் அந்த அலமாரியில் கண் மட்டத்துத் தட்டு ஒன்றைக் காலி செய்து, பின்பக்கம் 5 வாட் சின்ன விளக்கை வைத்து, முன்னால் ஒரு பித்தளைச் சொம்போ செடியோ வையுங்கள். பல்பு நேராகத் தெரியாமல் அலமாரியே ஒளிரும். ஹாலில் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது இந்த இடம்தான்.

மூடிய சின்ன ஜாடிக்குள்ளும் குறுகிய தட்டுக்குள்ளும் 9 வாட் போடாதீர்கள். எல்.இ.டி. சுடாது என்பது பாதி உண்மை. ஒளிரும் பக்கம் சுடாது, அடியிலுள்ள டிரைவர் நன்றாகவே சுடும். அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் வழக்கமான கணக்கு. சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கும்போது, காற்றோட்டமில்லாத மூடிக்குள் பல்பு ஏன் ஒரு வருடம்கூட வரவில்லை என்பதற்கு விடை இதுதான்.

சமையலறை

முதுகுக்குப் பின்னால் டியூப்லைட் என்பதால் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழுகிறது. மேடைக்கு மேலே தட்டோ கப்போர்டோ இருந்தால் அதன் அடியில் 10 வாட் டி5 பேட்டன் (ஒல்லியான டியூப்லைட்), இரண்டடி நீளம், 4000 கெல்வின். ஒட்ட வேண்டிய இடம் சுவர் ஓரம் அல்ல, தட்டின் முன் விளிம்பு. சுவரோரம் ஒட்டினால் டைல்ஸ்தான் பளபளக்கும், வெங்காயம் இருட்டில் கிடக்கும். முன் விளிம்பில் ஒட்டினால் வெளிச்சம் கத்தியின் மேல் விழும்.

எல்.இ.டி. ஸ்டிரிப்பும் போடலாம். 12 வோல்ட் ஸ்டிரிப் வாங்கும்போது மீட்டருக்கு எத்தனை வாட் என்று கேட்டு, நீளத்தால் பெருக்கி, அடாப்டரை அதைவிடக் கால் பங்கு அதிகமாக எடுங்கள். மீட்டருக்கு 9.6 வாட் ஸ்டிரிப் இரண்டு மீட்டர் என்றால் 19.2 வாட், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 24 வாட், சரி. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் இவை எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். அலுமினியச் சட்டமும் பால் வெள்ளை மூடியும் சேர்த்து வாங்காவிட்டால் புள்ளி புள்ளியாக எரியும், தாளிப்பு எண்ணெய் படிந்தால் துடைக்கவும் முடியாது. ஸ்டிரிப்போடு வரும் பசை எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு மாதம் தாங்காது. ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, உலர்ந்த பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம்.

படுக்கையறையில் தலைமாட்டில் பிளக் பாயின்ட் இருக்காது என்பது எழுதப்படாத விதி. சார்ஜ் செய்யும் மேசை விளக்கு அல்லது கட்டிலில் கவ்வும் விளக்கு, 3000 கெல்வின், 400 லூமென் போதும். படிக்கும் மேசைக்கு 4000 கெல்வின், பலகையிலிருந்து 15 அங்குல உயரம், வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம். குளியலறையில் பல்பை மட்டும் மாற்றுங்கள், பிளக் விளக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது.

மூடி எதில் செய்தது

மூடியின் பொருள்தான் வெளிச்சத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. வெளிர் நிறத் துணி எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும். அடர் நிறத் துணி மேலும் கீழும் மட்டும் விடும், பக்கவாட்டில் இருட்டு. இரும்பு அல்லது பித்தளைக் குடுவை கீழே மட்டும் கொட்டும், படிக்க நல்லது, அறையை நிரப்பாது. பிரம்பும் மூங்கிலும் சுவரெங்கும் கோடு கோடாக நிழல் போடும். நடைவழியில் அது அழகு, புத்தகப் பக்கத்தில் விழுந்தால் எரிச்சல். பத்தமடைப் பாய் போன்ற மெல்லிய கோரையைச் சுருட்டிச் செய்த மூடி நடுவில் நிற்கிறது. கோடும் தெரியும், ஒளியும் வடிந்து வரும்.

காகித விளக்கு வாடகைக்காரர்களுக்கு வேறொரு காரணத்துக்காகப் பிடிக்க வேண்டும். சிற்பி இசாமு நொகுச்சி 1951ல் ஜப்பானின் கிஃபு நகரத்து விளக்குப் பட்டறைகளைப் பார்த்துவிட்டு வடிவமைக்கத் தொடங்கிய அகாரி விளக்குகள் மூங்கில் வரிச்சும் மல்பெரிப் பட்டைக் காகிதமும் கொண்டவை. மடக்கினால் தட்டையாகிவிடும். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளைக் காகித உருண்டைகளுக்கும் அந்தக் குணம் உண்டு. வீடு மாறும்போது ஒரு நோட்டுப் புத்தக இடம்கூட எடுக்காது. விசிறிக் காற்றில் ஆடும், கடலோர ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு தொய்யும். விலைக்கு அது நியாயம்தான்.

கடலோரம் என்றதும் நினைவுக்கு வருவது துரு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் குடியிருப்பவர்கள் கறுப்பு பெயின்ட் அடித்த மெல்லிய இரும்பு விளக்கை வாங்கினால் ஒரு வருடத்தில் வெல்டிங் போட்ட இடங்களில் துரு எட்டிப் பார்க்கும். மரம், பிரம்பு, மண், பீங்கான் வாங்குங்கள்.

ஐப்பசி மழையில் ஈசல் வரும்போது மேல்பக்கம் திறந்த கிண்ண மூடிகள் பிணக்கிடங்காகும். ஜன்னலோர விளக்கு மஞ்சளாக இருந்தால் பூச்சி குறைவாக வரும். நீலம் தட்டும் வெள்ளைதான் அவற்றுக்கு அழைப்பிதழ்.

பிளக், எர்த், இன்வெர்ட்டர்

உலோக உடம்புள்ள விளக்கில் இரண்டு பின் பிளக் இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. குறி இல்லையென்றால் மூன்று கோர் வயருக்கும் மூன்று பின் பிளக்குக்கும் மாற்றி, எர்த்தை விளக்கின் உடம்போடு திருகச் சொல்லுங்கள். ஈரத் துணியால் தரை துடைக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட முடியாது.

சிலர் "சுவிட்ச்சை அணைச்சாலும் பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியுது" என்பார்கள். போர்டு சுவிட்ச்சில் உள்ள சின்ன சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசியும் மின்சாரமே எல்.இ.டி.யைத் தொட்டு எழுப்பப் போதும். அப்படியானால் ஆபத்தில்லை, வேறு கம்பெனி பல்பு போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இண்டிகேட்டரே இல்லாத சுவிட்ச்சில் இது நடந்தால், ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் சுவிட்ச் வழியாகப் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயரிங் செலவு வீட்டுக்காரருடையது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், வயரிங்கை உரிமையாளர் பக்கமும் சுவிட்ச், சாக்கெட் பழுதைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது.

மூன்று நான்கு விளக்கை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவதில் தவறில்லை. எல்லாம் சேர்ந்து 30 வாட்தான். அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியைச் செருகுவதுதான் தவறு. மின் கட்டணக் கவலையும் வேண்டாம். 30 வாட், தினம் ஐந்து மணி நேரம், 60 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அறைக்கு ஒரு லைட், ஒரு ஃபேன் மட்டும்தான் அந்த லைனில் இருக்கும், பிளக் பாயின்டுகள் பெரும்பாலும் இருக்காது. கரண்ட் போனால் உங்கள் அழகு விளக்குகள் எல்லாம் அணைந்து டியூப்லைட்தான் காப்பாற்றும். அதைக் கழற்ற வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்மார்ட் பல்பு வைத்திருப்பவர்கள் அதன் ஆப்பில், கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது வீடே கல்யாண மண்டபமாக விழித்துக்கொள்ளும். ஃபேன் ரெகுலேட்டரில் எல்.இ.டி. பல்பைக் கொடுத்து மங்கலாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துடிக்கும், டிரைவர் போய்விடும்.

காலி செய்யும் வாரம்

ஒட்டு கிளிப்புகளை நேராக இழுத்துப் பிய்க்காமல், ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி, சுவரோடு ஒட்டியபடியே மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால் பெயின்ட் பிழைக்கும். பரணில் வைத்த வீட்டுக்காரரின் டியூப்லைட்டும் பல்புகளும் பழைய இடத்துக்குப் போகட்டும். குடிவந்த அன்று எடுத்த போன் படங்களைப் பார்த்து மாட்டினால் எது எங்கே என்ற குழப்பம் வராது. விளக்குகளிலிருந்து பல்பைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். மூடிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நடுவில் பழைய புடவையைத் திணித்து, அட்டைப் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டி டெம்போவில் மெத்தைக்கு மேலே போகட்டும், கிரைண்டருக்குப் பக்கத்தில் வேண்டாம்.